பூமழைக்குப் பத்தாம் நாள்

மாசியில் வந்த காய்ச்சல்
போகும்போது மூக்கின் சாவியையும்
எடுத்துக்கொண்டு போய்விட்டது.
பால் பொங்கிக் கருகினால்
எனக்குச் சொல்ல ஆளில்லை.
ரசம் வெறும் சுடுதண்ணீர்.
சிலிண்டரை மூடினேனா என்று
ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பார்க்கிறேன்.
வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.
ஃபீஸ் முந்நூறு.

"ஏற்காட்டில் பூமழை பெய்துவிட்டதாம்.
பத்தாம் நாள் காப்பி பூக்கும்.
செத்த மூக்கும் எழுந்து உட்காரும், பார்"
என்றார் செங்கோடன்.
இரும்பாலையில் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு
பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை
விடியுமுன் பைக்கை உதைத்தார்.

அடிவாரம் தாண்டி முதல் வளைவில் குரங்குகள்.
ஐந்தாவதில் காது அடைத்தது.
ஒன்பதாவதில் இறங்கிக் கீழே பார்த்தோம்:
வெள்ளைக்கல் வெட்டிய பள்ளங்கள்,
யாரோ மாவைக் கொட்டிவிட்டுத்
துடைக்காமல் போனதுபோல்.
பதினான்காவதில் அவர் மூச்சை இழுத்து
"வருது" என்றார்.
பதினேழில், "இப்ப?"
குளிர்தான் வந்தது.
அதுவும் மூக்கு வழியாகத்தான் வந்தது.

நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டம்.
கணுவுக்குக் கணு வெள்ளை.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி,
இலையே இல்லாமல் சிவந்த கல்யாண முருங்கை,
டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் நிற்பதுபோல்
தேனீக்களின் இரைச்சல்.
பச்சியம்மா என்றொரு பெண்
கிளையை வளைத்து என் முகத்தருகே பிடித்தாள்.
"ஒடிச்சிராதீங்க, ஒரு கை காப்பி போயிரும்."
இழுத்தேன்.
மகரந்தம் ஏறித் தும்மினேன், அவ்வளவுதான்.

அப்போது செங்கோடன் சொல்லத் தொடங்கினார்.
"மல்லி மாதிரி. ஆனா மல்லிக்கு அக்கா.
கொஞ்சம் எலுமிச்சந்தோல்.
வெல்லப்பாகு இறக்கும்போது... இல்ல, அது இல்ல.
உங்கக்கா கல்யாணத்துல
மணவறைக்குப் பின்னாடி நின்னோமே,
ஃபேன் ஓடாம,
அங்க அடிச்ச வாசம்."
பதினெட்டு வருடத்தில்
இந்த மனிதர் ஒரு உவமை சொல்லி நான் கேட்டதில்லை.
சாம்பாரைப் பற்றிக்கூட
"இருக்கு" என்பார், "இல்ல" என்பார்.
அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கும்போது எண்களும் இறங்கின.
பேச்சில்லை.
தோற்றுப்போனது அவர் மூக்குதான் என்பதுபோல்
முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைச் சத்தம்.
தட்டுவடை செட் வாங்கித் தந்தார்.
நொறுங்கியது, சிவந்தது, எரிந்தது,
மற்றபடி அட்டை.
கோட்டை என்கிறார்கள்; கோட்டையைக் காணோம்,
பஸ் நிற்கிறது.
முத்து விளைந்த ஆறாம், பேரே திருமணிமுத்தாறு;
பாலத்தின்மேல் டிராஃபிக்.
முன்னால் ஒரு வைக்கோல் லாரி.
செங்கோடன் கைக்குட்டையால் மூக்கைக் கட்டினார்.

அந்த நேரம்
ஊசியில் கோக்கிற அளவுக்கு
ஒரு நூல் உள்ளே வந்தது.
சாக்கடை.
பிறகு சாயத்தண்ணீர், அழுகின கோஸ்,
எங்கோ எரிகிற டயர்.
"நிறுத்துங்க."
"இங்கயா?"
கைப்பிடிச் சுவரில் குனிந்து
காப்பிப்பூவை முகர்ந்த அதே பக்தியோடு
ஆற்றை முகர்ந்தேன்.
பின்னால் ஹாரன்கள்.
"குதிச்சிராதம்மா, முட்டளவுதான் தண்ணி"
என்றார் ஷேர் ஆட்டோக்காரர்.
எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது,
நாற்றம் நிற்காமல் வந்தது.

"எப்படி இருக்கு?"
கைக்குட்டைக்குள்ளிருந்து அவர் கேட்டார்.
"இருக்கு" என்றேன்.

மறுபடி ஏறி உட்காரும்போது பார்த்தேன்:
அவர் காலர் மடிப்பில் ஒரு காப்பிப்பூ,
நுனி பழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.
முகர்ந்து பார்க்கவில்லை.
கொஞ்சம் பின்னால் சாய்ந்தே உட்கார்ந்து வந்தேன்,
வீடுவரை.